ஹைவெல்ட் குளிரில் கொல்லைப்புறச் செங்கல் அடுப்பு: அஸ்திவாரம் முதல் முதல் நெருப்பு வரை

தென்னாப்பிரிக்காவின் ஹைவெல்ட் பீடபூமியில், ரொட்டி சுடும் கும்மட்ட விறகு அடுப்பு கட்ட எது நல்ல காலம் என்று கேட்டால், ஜூன், ஜூலை என்றுதான் சொல்வேன். டர்பனில் இருக்கும் உறவுக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான். இங்கே ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் விடியற்காலையில் தோட்டக் குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும். புல் வெள்ளை பூத்துக் கிடக்கும். ஆனாலும் கோடையில் கட்டுவதைவிட இதுவே மேல். நவம்பர் முதல் மார்ச் வரை பிற்பகலானால் இடியும் ஆலங்கட்டியும் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. பாதி எழும்பிய கும்மட்டத்தின் மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் மழை கிட்டத்தட்ட இல்லை. பகலில் வெயில் அடிக்கும், வெப்பம் 16, 17 டிகிரி வரை ஏறும். செங்கல் வேலைக்கு அது போதும்.

பயப்பட வேண்டியது பனிப்பொழிவுக்கு அல்ல. ஜோஹன்னஸ்பர்க்கில் 2012 ஆகஸ்ட் 7 அன்று பனி பெய்தது. அதன் பிறகு பேசும்படியாகப் பெய்தது 2023 ஜூலை 10 அன்றுதான். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தாளியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வேலையைக் கெடுப்பது ஒவ்வோர் இரவும் வரும் உறைபனி. சாந்தில் உள்ள தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். சிமென்ட் பிடிப்பதற்குள் அப்படி விரிந்துவிட்டால் காலையில் பார்க்கக் கல்லாகத்தான் தெரியும். பத்து மணி வெயில் பட்டதும் இணைப்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், மணலாக உதிரும். அதைக் காப்பாற்ற வழியே இல்லை, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான்.

இரண்டாவது தொல்லை பகலின் வறட்சி. காற்றில் ஈரமே இருக்காது. சாந்து இறுகுவதற்கு முன்பே அதன் தண்ணீரைக் காற்றும் செங்கலும் சேர்ந்து உறிஞ்சிவிடும். ஆக இரவில் உறையாமலும் பகலில் காய்ந்துபோகாமலும் பார்த்துக்கொண்டால் இந்த வேலையில் முக்கால் பங்கு முடிந்தது.

இடம்

தென் அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். வீட்டின் தெற்குப் பக்கத்து நிழலில் உறைபனி நண்பகல் வரை கரையாது. எனவே வீட்டுக்கு வடக்கே, நிழல் விழாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அக்னி மூலை தென்கிழக்கு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மூலையில் வெயில் விழுந்தால் தாராளமாகக் கட்டலாம். மதில் நிழலில் கிடந்தால், சாஸ்திரம் எழுதியவர்கள் மகர ரேகைக்குத் தெற்கே குடியிருந்ததில்லை என்று பணிவாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

அடுப்பின் வாய் தெற்கையோ தென்மேற்கையோ பார்க்க வேண்டாம். குளிர் அலை வரும்போது காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். புகை முழுவதும் சமைப்பவர் முகத்தில் திரும்பும். எல்லைச் சுவருக்கும் மர வேலிக்கும் தாராளமாக இடைவெளி விடுங்கள். பக்கத்து வீட்டில் வைக்கோல் கூரை வேய்ந்த பந்தல் இருந்தால் அதைவிட்டு எட்ட முடிந்தவரை விலகுங்கள். தோண்டுவதற்கு முன்பு நகராட்சியின் கட்டடப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும், அண்டை வீட்டாரிடம் சொல்லிவிடுவதும் நல்லது. புகைக்கு எதிரான புகார் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லாதவர் மேல்தான் வரும்.

அஸ்திவாரமும் பீடமும்

உள்விட்டம் 900 மில்லிமீட்டர் உள்ள அடுப்பு ஒரு குடும்பத்துக்கும் அதன் விருந்தாளிகளுக்கும் போதும். இந்த வழிகாட்டியின் அளவுகள் எல்லாம் அதற்கானவை. பீடத்தோடு சேர்த்து இரண்டு டன்னுக்கு மேல் எடை வரும். கனடா, ஐரோப்பா நாட்டுக் குறிப்புகளில் உறைபனி இறங்கும் ஆழம் வரை தோண்டச் சொல்வார்கள். இங்கே மண் அவ்வளவு ஆழம் உறைவதில்லை. மேல்மண்ணை நீக்கி, கீழே இடித்துக் கெட்டிப்படுத்தி, 1.6 மீட்டருக்கு 1.8 மீட்டர் அளவில் 100 மில்லிமீட்டர் கனத்துக்குக் கம்பி வலை வைத்துக் கான்கிரீட் போட்டால் போதும். தோண்டும்போது வெடிப்பு விட்ட கருங்களிமண் தென்பட்டால் மட்டும் அதை வெட்டி எடுத்துக் கிராவல் நிரப்புங்கள். ஈரம் பட்டால் அந்த மண் ஊதி மேலெழும். லெனேசியாவின் பல பகுதிகளும் பிரிட்டோரியா பக்கத்துச் செஞ்சூரியன் நகரும் டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைப் பாறையின் மேல் இருப்பதை மறக்க வேண்டாம். தண்ணீர் தேங்கினால் கீழே குழி விழும் நிலம் இது. கசியும் குழாய்க்கு அருகில் கட்டாதீர்கள். தரை அடுப்பிலிருந்து விலகிச் சரிய வேண்டும்.

கலவை 1 பங்கு சிமென்ட், 2 பங்கு மணல், 3 பங்கு 19 மில்லிமீட்டர் ஜல்லி. குளிர்காலத்தில் விரைவாக இறுகும் 42.5 ஆர் வகைச் சிமென்ட்டைக் கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடும். ஓர் இரவு உறைபனியில் போகும் மூட்டையின் விலையை நினைத்தால் அது பெரிதல்ல.

பீடத்தைக் கான்கிரீட் பிளாக்கில் முப்புறமும் எழுப்பி, முன்புறம் விறகு அடுக்கத் திறந்து விடலாம். அதன் மேல் 10 மில்லிமீட்டர் கம்பியை 200 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, 100 மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டாவது தளம் போடுங்கள். அடுப்பின் தரை சமைப்பவரின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். பெரும்பாலோருக்கு அது 1.1 மீட்டரை ஒட்டி இருக்கும். யார் அதிகம் சமைக்கப்போகிறாரோ அவரை நிறுத்தி அளவெடுங்கள், கட்டுபவரை அல்ல.

குளிரில் கலவை போடுவது

காலை 10 மணிக்கு முன் கலவையில் கை வைக்க வேண்டாம். பிற்பகல் 2 மணிக்குக் கரண்டியைக் கழுவி வைத்துவிடுங்கள். சூரியன் மறைந்ததும் வெப்பம் மளமளவென்று இறங்கும். அதற்குள் சாந்துக்கு மூன்று மணி நேரமாவது கிடைக்க வேண்டும். ஐந்து டிகிரிக்குக் கீழே சிமென்ட் இறுகுவது ஆமை வேகமாகிவிடும்.

தண்ணீரைச் சூடாக்கலாம், கை பொறுக்கும் சூடு போதும். சூடான தண்ணீரை முதலில் மணலோடும் ஜல்லியோடும் கலந்துவிட்டுச் சிமென்ட்டைக் கடைசியில் சேருங்கள். கொதிக்கும் தண்ணீர் நேராகச் சிமென்ட்டில் பட்டால் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மணல் குவியலை இரவில் பிளாஸ்டிக் விரிப்பால் மூடாவிட்டால், காலையில் உள்ளே உறைந்த கட்டிகள் இருக்கும். அவை கலவைக்குள் போய் உருகித் தண்ணீர் அளவைக் குலைக்கும். உப்புச் சேர்த்தால் உறையாது என்று தெருவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

கான்கிரீட்டோ சாந்தோ போட்டு முடித்ததும் மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பழைய கம்பளிகள், அதன் மேல் தார்ப்பாய். நான்கு பக்கமும் கல் வைத்து அழுத்துங்கள். சிமென்ட் இறுகும்போது தானாகவே சூடு விடும். அந்தச் சூட்டை உள்ளே பிடித்து வைப்பதுதான் கம்பளியின் வேலை. பிளாஸ்டிக் உள்ளே இருக்கும் ஈரத்தையும் காக்கும். எனவே முதல் இரண்டு நாள்கள் திறந்து பார்க்க வேண்டாம். கோடையில் செய்வதுபோல் மாலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். தெளிக்க வேண்டும் என்றால் நண்பகலில், மூன்றாம் நாளுக்குப் பிறகு.

அடுப்பின் தரை

சூடு கீழே இறங்காமல் இருக்கப் பீடத்துக்கும் தரைக்கும் நடுவே காப்பு வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 5 பங்கு வெர்மிகுலைட்டுக்கு (சூட்டில் உப்பவைத்த லேசான கனிமம்) 1 பங்கு சிமென்ட் கலந்து 100 மில்லிமீட்டர் கனத்துக்குப் போடுவது. லிம்போபோ மாகாணத்தில் பலபோர்வா அருகே உலகின் பெரிய வெர்மிகுலைட் சுரங்கங்களில் ஒன்று இருப்பதால் இந்த நாட்டில் அது எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது தண்ணீரை ஏராளமாகக் குடிக்கும். குளிரில் காய வாரக்கணக்கில் ஆகும். அதனால் குளிர்காலத்தில் கட்டுபவர்களுக்கு இரண்டாவது வழியையே சொல்வேன்: 50 மில்லிமீட்டர் கால்சியம் சிலிக்கேட் பலகை. காசு கூடுதல், ஆனால் வைத்த அன்றே அடுத்த வேலைக்குப் போகலாம். பலகை நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையின் மேல் நுண்மணலும் ஃபயர் கிளே என்ற சூடு தாங்கும் களிமண் பொடியும் சரிபாதியாகக் கலந்து மெல்லியதாக உலர்வாகவே பரப்பி, ஃபயர் பிரிக் என்ற சூடு தாங்கும் கற்களைச் சாந்தில்லாமல் நெருக்கி வையுங்கள். ரசமட்டம் வைத்து ஒவ்வொரு கல்லையும் தட்டிச் சமன் செய்ய வேண்டும். கற்களை வாய்க்கு நேராக வைக்காமல் 45 டிகிரி சாய்வில் வைத்தால், ரொட்டி எடுக்கும் துடுப்பு கல் விளிம்பில் இடறாது. விரல் நுனியைத் தரையில் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கே மாட்டுகிறதோ அங்கே துடுப்பும் மாட்டும்.

கும்மட்டம்

இந்த நாட்டில் கிடைக்கும் ஃபயர் பிரிக் பெரும்பாலும் 230, 114, 76 மில்லிமீட்டர் அளவு. ஒன்று ஏறக்குறைய நான்கு கிலோ. உடைசலையும் சேர்த்து 150 கற்கள் வாங்கினால் போதும். ஒரு டன் பக்கியில் (சிறு சரக்கு வண்டி) ஒரே நடையில் வந்துவிடும். சாதாரணச் செங்கலை உள்பக்கம் வைத்துச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். வெளிப்புற வளைவுக்கும் பீடத்துக்கும் அது அழகாகவே இருக்கும்.

கும்மட்டத்துக்குக் கற்களைப் பாதியாக வெட்ட வேண்டும். நீர் விட்டு வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள், நண்பகலில் வெட்டுங்கள், முகமூடி அணியுங்கள். உலர்வாக வெட்டினால் எழும் வெண்புழுதியில் சிலிக்கா இருக்கிறது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை அரித்தது அதே தூசிதான். ஜோஹன்னஸ்பர்க்கில் வசிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெட்டிய கற்கள் ஈரமாக இருக்கும். அவற்றை இரவில் வெளியே விட்டுவிடாமல் கார் கொட்டகைக்குள் அடுக்குங்கள்.

சாந்து: 3 பங்கு நுண்மணல், 1 பங்கு சிமென்ட், 1 பங்கு சுண்ணாம்பு, 1 பங்கு ஃபயர் கிளே. பெருஞ்சூட்டில் சிமென்ட் தன் பிடிப்பை இழக்கும். அதன் பிறகு கல்லைப் பிடித்து நிறுத்துவது சுண்ணாம்பும் களிமண்ணும். பதம் கெட்டித் தயிர்போல இருக்கட்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் சுட்டுவிடும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வாளிக்கு மேல் கலக்க வேண்டாம். கல்லைச் சாந்தில் வைப்பதற்கு முன் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுங்கள். ஊற வைக்க வேண்டாம். முக்காமல் வைத்தால் வறண்ட கல் சாந்தின் ஈரத்தை அந்த நொடியே இழுத்துவிடும், பிறகு தட்டிச் சரிசெய்யக்கூட முடியாது.

தரையின் நடுப்புள்ளியில் எல்லாப் பக்கமும் சுழலும்படி ஓர் ஆரக்குச்சியைப் பொருத்துங்கள். நீளம் 450 மில்லிமீட்டர். அதன் நுனியில் ஓர் இரும்புக் கோணத்தைத் திருகிவிட்டால், ஒவ்வொரு கல்லின் உள்முகமும் எங்கே நிற்க வேண்டும், எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை அது காட்டிவிடும். இந்தக் குச்சி இருந்தால் கும்மட்டம் கட்டக் கொத்தனாராக இருக்க வேண்டியதில்லை. ஈர மணலைக் குவித்து அதன் மேல் கட்டும் முறையும் உண்டு. குளிர்காலத்தில் அது வேண்டாம், அந்த மணல் குவியல் இரவில் உறைந்து விரிந்து புதுச் சாந்தைப் பிளக்கும்.

கற்களின் உள் விளிம்புகள் ஒன்றையொன்று தொட வேண்டும். வெளிப்பக்கம் ஆப்பு வடிவில் விரியும் இடைவெளியைச் சாந்தால் அடையுங்கள். கீழ் வரிசையின் இணைப்புக்கு நேராக மேல் வரிசையின் இணைப்பு வரக் கூடாது. மொத்தம் ஒன்பது வரிசைகளை ஒட்டி வரும். முதல் நான்கு வரிசைகள் தாமாகவே நிற்கும். அதற்கு மேல் கல் வழுக்கும். அடியில் ஒரு குச்சி முட்டுக் கொடுத்தோ, கல்லின் மேல் கம்பிக் கொக்கியை மாட்டி மறுமுனையில் ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டோ பிடிக்கலாம். வளையம் முழுதாகச் சேர்ந்ததும் கற்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். எனவே பாதி வளையத்தோடு மாலையில் நிறுத்தாதீர்கள். மேல் வரிசைகளில் நாளுக்கு ஒரு வளையம் போதும். கோடையில் இரண்டு, மூன்று போடுவார்கள். குளிரில் சாந்து அவ்வளவு வேகமாகப் பிடிக்காது.

இரவில் கும்மட்டத்துக்குள் ஒரு பழைய இழைப் பல்பை எரியவிட்டு, வெளியே பிளாஸ்டிக்கும் கம்பளியும் போர்த்துங்கள். ஒரே ஒரு 60 வாட் பல்பு உள்ளே உறையாமல் காத்துவிடும். எல்ஈடி விளக்கு பயன்படாது, அதில் சூடில்லை. பல்பு கம்பளியையும் பிளாஸ்டிக்கையும் தொடக் கூடாது. மின்வெட்டு அறிவித்திருந்தால் அன்று கூடுதலாக ஒரு கம்பளி.

வாயும் புகைபோக்கியும்

வாயின் உயரம் கும்மட்ட உயரத்தில் 63 சதவீதம் இருக்க வேண்டும். 450 மில்லிமீட்டருக்கு 285. இதைவிடத் தாழ்ந்தால் நெருப்புக்குக் காற்றுப் போதாது, உயர்ந்தால் சூடு வெளியே ஓடும். அகலம் 450 வைக்கலாம். பலகையில் வளைவு வெட்டி சென்ட்ரிங் நிறுத்தி, அதன் மேல் கற்களை இரு பக்கமிருந்தும் ஏற்றி நடுக்கல்லை இறுக்குங்கள். சென்ட்ரிங்கைக் குளிரில் மூன்று நாள்களாவது கழற்றாதீர்கள்.

புகைபோக்கி கும்மட்டத்தின் உச்சியில் அல்ல, வாய்க்கு வெளியே முன்பக்கம் வரும். உச்சியில் ஓட்டை போட்டால் சூடு நேராக வானத்துக்குப் போய்விடும். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாய், ஒரு மீட்டர் உயரம், நுனியில் தீப்பொறியைத் தடுக்கும் வலை. வலையை வேண்டாத செலவாக நினைக்காதீர்கள். ஜூலையில் ஊரைச் சுற்றியுள்ள புல்வெளி முழுவதும் பொன்னிறமாகக் காய்ந்து தீக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

முன்வளைவுக்கும் கும்மட்டத்துக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் செராமிக் கயிற்றை அடையுங்கள். உள்ளே கொதிக்கும் கல்லும் வெளியே குளிர்ந்த கல்லும் ஒன்றாகப் பிணைந்திருந்தால் ஒன்று விரிந்து மற்றதைப் பிளக்கும்.

காப்பு

25 மில்லிமீட்டர் செராமிக் ஃபைபர் விரிப்பை மூன்று அடுக்காகச் சுற்றி, கோழிவலையால் இறுக்குங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி கட்டாயம். இழை தோலில் பட்டால் இரவு முழுவதும் அரிக்கும். அதன் மேல் வரும் வெர்மிகுலைட் பூச்சை இப்போது போடாதீர்கள். முதலில் அடுப்பு உலர வேண்டும். அதுவரை தார்ப்பாய் போதும்.

முதல் நெருப்பு

கடைசிக் கல் வைத்த பிறகு இரண்டு வாரம் பொறுங்கள். பலர் இங்கேதான் அவசரப்படுவார்கள். அடுப்பு முடிந்துவிட்டது, சனிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், ஒரு பெரிய நெருப்பு மூட்டினால் என்ன என்று தோன்றும். கல்லுக்குள்ளும் சாந்துக்குள்ளும் இன்னும் லிட்டர் கணக்கில் தண்ணீர் இருக்கிறது. லெனேசியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஆவி வெளியேற வழி கிடைக்காவிட்டால் கும்மட்டத்தை உடைத்துக்கொண்டு போகும்.

முதல் நாள் ஒரு கைப்பிடி பிராய் கரி (இறைச்சி சுடும் அடுப்புக்கரி) மட்டும். உள்ளே 100 டிகிரியைத் தாண்டவிடாமல் ஐந்தாறு மணி நேரம் வைத்திருங்கள். இரண்டாம் நாள் 150, மூன்றாம் நாள் 200 என்று நாளுக்கு 50 டிகிரி ஏற்றிக்கொண்டே போய், ஒரு வாரத்தில் 400 டிகிரியை எட்டலாம். மூன்றாம் நாளிலிருந்து சிறு விறகு. சுடர் கும்மட்டத்தை நக்கக் கூடாது. அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஊகம் வேண்டாம். ஒவ்வொரு மாலையும் நெருப்பு அணைந்ததும் வாயைப் பலகையால் லேசாகச் சாத்தி, ஆவி போக விரலளவு சந்து விடுங்கள். வெளிப்புறம் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் போர்த்துங்கள். சூடு மிச்சமிருக்கும் கல்லுக்குள் உறைபனி நுழையாது.

உலர்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி: நெருப்பு எரியும்போது விரிப்பின் மேல் ஒரு துண்டுக் கண்ணாடியைச் சிறிது நேரம் வையுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் இரண்டு நாள் சிறு நெருப்பு. கோக்காவிட்டால் 8 பங்கு வெர்மிகுலைட், 1 பங்கு சிமென்ட் கலந்த பூச்சைப் போட்டு, அது காய்ந்த பிறகு மேற்பூச்சு. உச்சியில் ஆவி போகச் சிறு துளை ஒன்று விடுங்கள். உள்ளே மயிரிழை வெடிப்புகள் தெரியும். எல்லா அடுப்பிலும் தெரியும். ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

விறகும் சாம்பலும்

பிளாக் வாட்டில் மரமும் யூக்கலிப்டஸும் இந்த மண்ணுக்கு வந்தேறிகள். வெட்டி எரிப்பதில் குற்ற உணர்வு வேண்டாம். செக்கல்போஸ் என்ற முள்மரம் நின்று எரியும். கமீல்டோரிங் என்ற ஒட்டக முள்மரம் பாதுகாக்கப்பட்ட மரம், உரிமத்தோடு விற்பவரிடம் மட்டுமே வாங்குங்கள். பச்சை நிறம் ஏறிய வேலிக்கம்பம், வண்ணம் பூசிய பலகை இரண்டையும் அடுப்பின் பக்கமே கொண்டுவர வேண்டாம்; அந்தப் பச்சையில் ஆர்செனிக் இருக்கலாம். எந்த விறகு எப்படி எரியும் என்பதை ஆடி மாதம் கோயிலில் அண்டா வைத்துக் கூழ் காய்ச்சும் மூத்தவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு விறகின் ஓசையே சொல்லிவிடும்: இரண்டு கட்டைகளை மோதினால் கணீரென்றால் காய்ந்தது, தொப்பென்றால் பச்சை.

குளிர்காலக் காலையில் எடுத்த எடுப்பில் பெருநெருப்பு மூட்டாதீர்கள். அரை மணி நேரம் சிறு நெருப்பில் கல் சூடேறட்டும். உள்ளே கரி படிந்து கறுத்த கும்மட்டம் 350 டிகிரிக்கு மேல் தானாக வெளுக்கும். அப்போது தணலை ஓரமாக ஒதுக்கித் தரையைத் துடைத்தால் நான் ரொட்டி இரண்டு நிமிடத்தில் எழும்பும். சூடு 200க்கு இறங்கிய பிறகு மசூர் போட்ட பிரியாணிச் சட்டியை மூடி மாவால் அடைத்து உள்ளே தள்ளலாம். இரவில் மிச்சச் சூட்டில் பீன்ஸ் சட்டி, விடிந்ததும் அடுத்த வாரத்துக்கான விறகு, உள்ளேயே காயட்டும்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் மட்டும் அள்ளுங்கள். அணைந்ததுபோல் தெரியும் சாம்பலுக்குள் தணல் இரண்டு, மூன்று நாள் உயிரோடு இருக்கும். ஆகஸ்ட் காற்று சுழற்றி அடிக்கும் நாள்களில் அடுப்பே மூட்ட வேண்டாம். கேஸ் அடுப்பில் சமைத்துக்கொள்ளுங்கள்.